கடன் வாங்கிக் கழித்தல்

இன்று டோக்கன் கொடுக்கவில்லை.
காற்று பலமாக இருக்குமாம்.
தங்கச்சிமடத்து ஆண்களெல்லாம்
வீட்டில் இடம் தெரியாமல் நடமாடுகிற நாள்.
பிரிஸ்காவின் வீட்டுப்பாடம்
என் தலையில் வந்து விழுந்தது.

நண்டு கம்பெனி வேனுக்கு நிற்கும்போதே
அவள் அம்மா சொல்லிவிட்டுப் போனாள்:
"பத்து வார்த்தை சொல்லுங்க, அவ எழுதட்டும்.
பன்னெண்டு கணக்கு இருக்கு. அடிக்கக் கூடாது."
அடிக்கிற ஆளா நான் என்று கேட்க வாயெடுத்தேன்.
வேன் போய்விட்டது.

முதல் வார்த்தை வலை.
பார்க்காமலே எழுதினாள்.
இரண்டாவது பள்ளி.
"அக்காள்மடம் ள்" என்று முணுமுணுத்துக்கொண்டு
அதையும் எழுதினாள்.
மூன்றாவது வாழை.
நான் சொன்னது வாழைதான்.
அவள் காதில் விழுந்தது வாளை.
எழுதி, பக்கத்தில் நீளமாய் ஒரு மீனையும் வரைந்து
வாலுக்கு இடம் போதாமல்
அடுத்த பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மீனில்ல பாப்பா, பழம். குலை தள்ளுமே, அது."
"அப்ப வாழைன்னு சொல்லணும்ப்பா.
நாக்க மடிங்க. மேல ஒட்டக் கூடாது.
மிஸ் அப்படித்தான் சொல்லுவாங்க."

மடித்தேன்.
முப்பத்தாறு வருடம் போன போக்கிலே ஓடிய நாக்கு
தரைதட்டிய படகாய்
மேலண்ணத்தில் முட்டி நின்றது.
வாளை. வாளை. வாயை.
அவள் சிரித்த சிரிப்பில்
பென்சில் உருண்டு கட்டிலுக்கடியில் போனது.
அதை எடுக்கக் குனிந்தபோது
அவளுக்குக் கேட்காமல்
இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

கணக்கில் எனக்குப் பயமில்லை.
ஐஸ் எத்தனை பார், டீசல் எத்தனை லிட்டர்,
செலவு போக ஆளுக்கு என்ன பங்கு,
தாளில்லாமல் போடுகிறவன்.
ஐம்பத்திரண்டில் பதினேழு போனால்
முப்பத்தைந்து என்றேன்.
"எப்படி?" என்றாள்.
இதுவரை யாரும் என்னிடம்
எப்படி என்று கேட்டதில்லை.
சரியா என்றுதான் கேட்பார்கள்,
அதுவும் நம்பாமல்.

பழைய வலையிலிருந்து தக்கைகளை அறுத்தேன்.
பத்துப் பத்தாய் நரம்பில் கோத்து ஐந்து சரம்,
உதிரி இரண்டு.
இரண்டில் ஏழு போகாது.
"பக்கத்துல கடன் வாங்கணும்" என்று
ஒரு சரத்தின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள்.
பத்தும் சிதறி ஓடின.
இரண்டைப் பொறுக்க நானும் தவழ்ந்தேன்.
இப்போது பன்னிரண்டு. ஏழு போக ஐந்து.
மீதி நான்கு சரத்தில் ஒன்று போக மூன்று.
"முப்பத்தஞ்சு. நீங்க சொன்னது சரிதான்ப்பா."

பிறகு,
விரலில் அந்த அறுந்த நரம்பைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்:
"கடன் வாங்கினோமே,
அத எப்ப திருப்பிக் குடுக்கணும்?"

முதலாளி நோட்டில் என் பெயருக்கு நேரே
ஒரு எண் இருக்கிறது.
இவள் பிறந்த ஆப்பரேஷனுக்கு வாங்கியது.
அதன்மேல் இரண்டு தடைக்காலம், ஒரு எஞ்சின் பழுது.
ஏழு வருடமாய்க் கழிக்கிறேன்.
கழிக்கக் கழிக்கக் கூடுகிறது.
அந்தக் கணக்குக்கு வழி எழுதச் சொன்னால்
மிஸ்ஸே திணறிப்போவார்கள்.

"இந்தக் கடனக் குடுக்க வேண்டாம் பாப்பா."
"ஏன்?"
"ரெண்டும் ஒரே வீடுல்ல.
ஐம்பத்திரண்டு ஐம்பத்திரண்டாத்தான இருக்கு,
இடம்தான் மாறுது.
அம்மா டப்பாவுல நான் எடுக்குற மாதிரி."
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"ஆமா. அதையும் நீங்க குடுக்கவேயில்ல."

மிச்சம் பதினொரு கணக்கையும்
என்னைக் கேட்காமலே போட்டாள்.
நான் தக்கை எடுத்துக் கொடுக்கிற
கூலிக்காரனாய் உட்கார்ந்திருந்தேன்.

இரவு நண்டு வாசனையோடு வந்தவள்
தூங்குகிற பிள்ளையின் தலைமாட்டிலிருந்து
நோட்டை எடுத்து விளக்கடியில் புரட்டினாள்.
"கணக்கெல்லாம் சரி.
இது என்ன, ரெண்டு பக்கத்துக்கு ஒரு மீனு?"
வாழைப்பழம் என்று சொல்ல
நாக்கை மடித்துக்கொண்டிருந்தேன்.
அதற்குள் அவள்
தகர டப்பாவைத் திறந்து
எண்ணத் தொடங்கியிருந்தாள்.